ஒரே ஒரு சொல் - ஆர்தர் ஸ்டேஸ் (1885-1967)

சிட்னித் தமிழர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். பலவற்றில் முகூர்த்தம் ஹெலன்ஸ்பர்க் ஸ்ரீ வேங்கடேஸ்வரர் கோயிலில் என்று போட்டிருக்கும். தமிழ்ப் பக்கத்தில் எழுத்துகள் வழக்கம்போல நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். ஆங்கிலப் பக்கத்துக்குப் போனால் வேறு உலகம். எழுத்துகள் எல்லாம் வலப்பக்கம் சாய்ந்து, ஒன்றின் வாலை மற்றொன்று பிடித்துக்கொண்டு, பெரிய எழுத்துகள் பூசணிக்கொடி போலச் சுருண்டு கிடக்கும். மாப்பிள்ளையின் பெயரைக் கண்டுபிடிக்கவே சிலசமயம் இரண்டு தரம் வாசிக்க வேண்டும். ஆனாலும் விசேஷம் என்றால் அந்த எழுத்துதான் வேண்டும் என்கிறோம். (தமிழையும் அப்படிச் சாய்த்தால் என்ன என்று கணினியில் முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும். நடனமாடுவது போலிராது, தடுக்கி விழப்போவது போலிருக்கும்.)

இந்த எழுத்தின் பூர்வீகம் 17, 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து. கடல் வாணிபம் பெருகிய காலம். கணக்கும் கடிதமும் வேகமாகவும் எழுதப்பட வேண்டும், பார்க்க மரியாதையாகவும் இருக்க வேண்டும். அதற்கென்றே எழுத்தாசான்கள் இருந்தார்கள். இறகுப் பேனாவின் கூரான முனையைக் கீழே இழுக்கும்போது அழுத்தினால் முனை விரிந்து கோடு தடிக்கும். மேலே ஏறும்போது கையை லேசாக விட்டால் கோடு மயிரிழையாகும். சூட்சுமம் அவ்வளவுதான், ஆனால் கைக்குப் பழக வருஷக்கணக்காகும். ஆசான்கள் எழுதிய மாதிரிகளைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு விற்றார்கள். அதனால் அந்த எழுத்துக்கே காப்பர்ப்ளேட் என்று பெயர் வந்துவிட்டது. ஜார்ஜ் பிக்கம் என்ற செதுக்குநர் 1733 முதல் 1741 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட 'யுனிவர்சல் பென்மேன்' அவற்றில் புகழ்பெற்றது.

ஈய அச்சுக்கு இந்த எழுத்து ஒத்துவரவில்லை. ஈய எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனிச் சதுரக் கட்டை. சாய்ந்து தழுவிக்கொள்ளும் எழுத்துகளைக் கட்டைக்குள் அடைத்தால் இணைப்பில் இடைவெளி பல்லிளிக்கும். 1960களின் நடுவில் ஒளி அச்சுக்கோப்பு வந்த பிறகுதான் மாத்யூ கார்ட்டர், சார்லஸ் ஸ்னெல் என்ற பழைய ஆசானின் கையைப் பின்பற்றி, உண்மையிலேயே ஒட்டி ஓடும் ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட் எழுத்துருவை லைனோடைப் நிறுவனத்துக்காக வரைந்தார். 1997இல் அடோபி நிறுவனத்துக்காக ரிச்சர்ட் லிப்டன் பிக்கமின் பெயரிலேயே ஓர் எழுத்துரு செய்தார். இன்று அதில் ஓர் எழுத்தைத் தட்டினால், பக்கத்து எழுத்து எது என்று பார்த்து அதற்கேற்ற வடிவத்தைக் கணினியே பொறுக்கிப் போடுகிறது. என்னைப்போல நிரல் எழுதிப் பிழைப்பவனுக்கு அது வியப்பில்லை, வெறும் அட்டவணைத் தேடல்.

நான் சொல்ல வந்தது அதைப்பற்றியல்ல. சிட்னி நகரத்தின் மிகப் பிரபலமான காப்பர்ப்ளேட் எழுத்து எந்தப் பத்திரிகையிலும் அழைப்பிதழிலும் எழுதப்பட்டதன்று. நடைபாதையில், சாக்பீஸால் எழுதப்பட்டது. (ஈழத்து நண்பர்கள் வெண்கட்டி என்பார்கள்.) எழுதியவர் பாதி வாழ்க்கையைக் குடியில் தொலைத்த ஒரு மனிதர். எழுதியது ஒரே ஒரு சொல். எடர்னிட்டி. நித்தியம்.

ஆர்தர் மால்கம் ஸ்டேஸ் 1885 பிப்ரவரி 9 அன்று சிட்னியின் ரெட்ஃபெர்ன் பகுதியில் பிறந்தார். ஐந்தாவது குழந்தை. தந்தை வில்லியம் வுட் ஸ்டேஸ் மொரீஷியஸிலிருந்து வந்த கூலித் தொழிலாளி. மொரீஷியஸ் என்றதும் நம்மவர்க்குக் காது நிமிரும். அவரைக் கரும்புத் தோட்டத்துத் தமிழரோடு முடிச்சுப் போட எந்த ஆதாரமும் கிடையாது, ஆசைப்பட வேண்டாம். தாய் லாரா. வீட்டில் சாராயம்தான் எஜமான். பெற்றோர் குடித்துவிட்டுக் கிடக்கும்போது பிள்ளைகள் வீட்டுக்கடியில் சாக்கு விரித்துப் படுப்பார்களாம். பசித்தால் அடுத்த வீட்டு வாசலில் வைத்த பாலையும் ரொட்டியையும் திருடுவது, குப்பைத் தொட்டியைக் கிளறுவது. கடைசியில் அரசாங்கமே பையனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது.

மீசை முளைக்குமுன்னே நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. அந்நாளில் சிட்னிக்குத் தெற்கே கடற்கரையோரம் முழுக்கச் சுரங்கங்கள்தாம். நம் ஹெலன்ஸ்பர்க்கே 1880களில் சுரங்கத்துக்காக உண்டான ஊர். கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே காரில் போகிற நாம் அதைக் கவனிப்பதில்லை. சுரங்கத்துச் சம்பளம் நேரே சாராயக் கடைக்குப் போனது. பதினைந்து வயதில் சிறை. பிறகு சூதாட்டக் கூடங்களுக்குப் போலீஸ் வருகிறதா என்று தெருமுனையில் நின்று பார்த்துச் சொல்லும் வேலை. சகோதரிகள் நடத்திய விபசார விடுதிகளுக்கு எடுபிடி வேலை. இதையெல்லாம் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார், மறைக்கவில்லை.

1916 மார்ச்சில் முதல் உலகப் போருக்காக ஆஸ்திரேலியப் படையில் சேர்ந்தார். 19ஆவது பட்டாலியன். மூச்சுக்குழல் நோயும் நுரையீரல் உறை அழற்சியும் திரும்பத் திரும்ப வந்து படுத்தின. 1919 ஏப்ரல் 2 அன்று உடல்நிலை காரணமாக விடுவிக்கப்பட்டார். ஊர் திரும்பியதும் பழைய குருடி கதவைத் திறடி. பியர் வாங்கக் காசில்லாதபோது மெத்திலேட்டட் ஸ்பிரிட். 1929இல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது அவர் ஏற்கெனவே அடிமட்டத்தில்தான் இருந்தார்.

1930 ஆகஸ்ட் 6. பிராட்வேயிலுள்ள செயின்ட் பர்னபாஸ் தேவாலயத்தில் ஆண்களுக்கான கூட்டம். வேலையில்லாதவர்களும் வீடில்லாதவர்களுமாகக் கூடம் நிறைந்திருந்தது. பிரசங்கம் முடிந்தால் தேநீரும் கேக்கும் உண்டு, ஸ்டேஸ் போனதும் அதற்காகத்தான். பிரசங்கி ஆர். பி. எஸ். ஹாம்மண்ட், மதுவிலக்கைத் தீவிரமாக ஆதரித்த பாதிரியார். முன்வரிசையில் சுத்தமாக உடுத்திய சிலர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் யார் என்று பக்கத்தில் இருந்தவனிடம் ஸ்டேஸ் விசாரித்தார். கிறிஸ்தவர்கள் என்று பதில் வந்தது. அவர்களையும் தன்னையும் ஒரு தரம் பார்த்துக்கொண்டார். கூட்டம் முடிந்து வெளியே வந்து, எதிரேயிருந்த விக்டோரியா பூங்காவில் ஓர் அத்தி மரத்தடியில் மண்டியிட்டு அழுதார். குடி அன்றோடு நின்றது. நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் அதற்குப்பின் சாகும்வரை 37 வருஷம் அவர் குடிக்கவில்லை. கேக் சாப்பிடப் போனவனுக்குக் கல்லிலும் மேலான ஒன்று கிடைத்தது என்று அவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டாம். அந்தக் கேக்கின் பெயரில் கல் இருக்கிறது, தமிழில் அந்தச் சிலேடை வராது.

இரண்டு வருஷம் கழிந்தது. 1932 நவம்பர் 14 அன்று டார்லிங்ஹர்ஸ்டில் பர்ட்டன் தெரு பாப்டிஸ்ட் ஆலயத்தில் ஜான் ரிட்லி என்ற சுவிசேஷகர் பேசினார். முதல் உலகப் போரில் மிலிட்டரி கிராஸ் பதக்கம் பெற்றவர். நித்தியம் என்ற சொல்லைச் சிட்னித் தெருக்களெங்கும் உரத்துச் சொல்ல முடிந்தால் எப்படியிருக்கும் என்று அவர் ஏங்கினார், திரும்பத் திரும்ப அச்சொல்லையே முழங்கினார். வெளியே வந்த ஸ்டேஸின் மண்டைக்குள் அந்த ஒரு சொல் மணியடித்துக்கொண்டே இருந்தது. சட்டைப்பையில் ஒரு சாக்பீஸ். அங்கேயே குனிந்து தரையில் எழுதினார்.

இங்கேதான் கதையின் முடிச்சு. தனக்கு எழுத வராது, தன் பெயரைக்கூட ஒழுங்காக எழுத வராது என்று ஸ்டேஸ் பிற்காலத்தில் சொன்னார். ஆனால் அந்தச் சொல் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தது, அழகான காப்பர்ப்ளேட்டில். ஏன் என்று தனக்கே புரியவில்லை என்றார். சுழித்துத் தொடங்கும் பெரிய எழுத்து, ஒரே சாய்வில் நடக்கும் சின்ன எழுத்துகள், கடைசி எழுத்தின் வால் இறங்கித் திரும்பி வந்து சொல்லையே தாங்கிப் பிடிப்பது போன்ற ஒரு வளைவு. பக்தர்களுக்கு இது அற்புதம்.

எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. நியூ சவுத் வேல்ஸில் 1880இலேயே 6 முதல் 14 வயதுவரை கட்டாயக் கல்விச் சட்டம் வந்துவிட்டது. அரசுப் பொறுப்பிலிருந்த பிள்ளைகளை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டுப் பள்ளிக்கு அனுப்புவதும் அந்தக் காலத்து ஏற்பாடு. பள்ளியில் என்ன கையெழுத்து? காப்பர்ப்ளேட்தான். மாதிரி வரி மேலே அச்சிட்டிருக்கும், கீழே பத்துத் தடவை பார்த்தெழுத வேண்டும். நம்மூரில் நாலு கோடு நோட்டில் சாய்வெழுத்து எழுதிக் கை ஒடிந்தோமே, அதன் மூத்த அக்காள். ஸ்டேஸ் எத்தனை நாள் பள்ளியில் உட்கார்ந்தாரோ, அந்தக் கொஞ்ச நாளில் கை எதையோ வாங்கி வைத்துக்கொண்டிருக்கும். இடையில் முப்பது வருஷச் சாராயம் மூளையைக் கழுவியிருக்கலாம், மணிக்கட்டைக் கழுவவில்லை. இப்படிச் சொன்னால் அற்புதத்தைக் குறைத்துவிட்டதாக எனக்குப் படவில்லை. பசியோடு பள்ளியில் உட்கார்ந்த ஒரு பையனுக்கு அவன் வாழ்நாளில் யாரும் கொடுத்த ஒரே அழகான பொருள் அந்தச் சாய்ந்த எழுத்தாக இருக்கலாம். நாற்பத்தேழு வயதில் அதை வெளியே எடுத்தான்.

அதன்பின் அதுவே வாழ்க்கை முறையானது. அதிகாலை நாலு மணிக்கு எழுந்து பிரார்த்தனை. ஐந்து மணி வாக்கில் தலையில் ஒரு தொப்பி, பையில் சாக்பீஸ், வீட்டிலிருந்து கிளம்பிவிடுவார். இன்றைக்கு எந்தப் பேட்டை என்பது பிரார்த்தனையில் தெரியும் என்பது அவர் நம்பிக்கை. நகர மையத்தின் மார்ட்டின் பிளேஸ், கிங்ஸ் கிராஸ், மேற்கே பாரமட்டா வரை. நூறடிக்கு ஒன்றாகக் குனிந்து எழுதிக்கொண்டே போவார். காலை பத்து மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுவார். நாளுக்கு ஐம்பது தடவை என்பார்கள். மொத்தம் ஐந்து லட்சம் என்பது எல்லோரும் சொல்லும் கணக்கு. ஐம்பதை 365ஆல் பெருக்கி, முப்பது வருஷம் என்றே வைத்தாலும் 5,47,500 வருகிறது. ஆக மிகையில்லை. இடையில் வேறு வாசகங்களையும் முயன்று பார்த்தார், கடவுளுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ஒன்று, கடவுளா பாவமா என்று கேட்கும் ஒன்று. எதுவும் நிலைக்கவில்லை. பழைய சொல்லுக்கே திரும்பினார். எனக்கு அதில் ஆச்சரியமில்லை. அவையெல்லாம் கட்டளைகள், இது கட்டளையன்று. தரையில் கிடக்கும் ஒற்றைச் சொல், அவ்வளவே. மிதித்துக்கொண்டும் போகலாம்.

நடைபாதையை அழுக்காக்குவது நகராட்சி விதிப்படி குற்றம். போலீஸ்காரர்கள் அவரை இருபத்து நாலு தடவை பிடித்ததாகக் கதை. தனக்கு அதைவிட மேலிடத்து அனுமதி இருப்பதாகச் சொல்வாராம். ஆள் குள்ளம், ஒல்லி, மரியாதையான பேச்சு. விட்டுவிடுவார்கள்.

இருபத்து மூன்று வருஷம்வரை எழுதுவது யார் என்று ஊருக்குத் தெரியாது. அலுவலகம் போகிறவர்கள் காலையில் ரயில் நிலையத்தைவிட்டு வெளியே வந்தால் காலடியில் அந்தச் சொல் புதிதாக இருக்கும். பத்திரிகைகள் ஊகித்தன. நான்தான் அது என்று சொல்லிக்கொண்டு வேறு சிலரும் வந்தார்கள். கடைசியில் பர்ட்டன் தெரு ஆலயத்தின் போதகர் லைல் தாம்ப்ஸன் ஒரு நாள் தன் ஆலயத்தைத் துப்புரவு செய்யும் ஸ்டேஸ் வாசலில் குனிந்து எழுதுவதைத் தற்செயலாகப் பார்த்துவிட்டார். 1956 ஜூனில் சண்டே டெலிகிராப் மூலம் விஷயம் வெளியே வந்தது. எழுபதைத் தாண்டிய பின்பு கிடைத்த புகழ் அது. அவர் அதை வைத்து ஒன்றும் செய்துகொள்ளவில்லை. மறுநாளும் ஐந்து மணிக்குக் கிளம்பினார். 1963இல் ட்ரெவர் டாலன் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் ஒருவழியாக அவரை நிறுத்தி, எழுதும் கோலத்தில் நாலே நாலு படம் எடுத்தார். ஃபிலிம் தீர்ந்துபோனது. புது ஃபிலிமோடு வருவதற்குள் கிழவர் போய்விட்டார்.

குடும்ப வாழ்க்கை தாமதமாகத்தான் அமைந்தது. 1942 ஜனவரி 22 அன்று பேர்ல் டாசன் என்ற பெண்மணியை மணந்தார். மதுவிலிருந்து விலகிய அதே செயின்ட் பர்னபாஸில் திருமணம். பிர்மாண்டில் சிறிய வீடு. வேலை, ஆலயம், ஏழைகளுக்குச் சாப்பாடு, சனிக்கிழமை இரவுகளில் ஜார்ஜ் தெருவும் பாதர்ஸ்ட் தெருவும் கூடும் முனையில் தெருப் பிரசங்கம். 1961இல் பேர்ல் இறந்தார். கடைசி நாட்களில் ஹாம்மண்ட்வில் முதியோர் இல்லத்தில் இருந்தார் ஸ்டேஸ். 1930இல் அவரை அழவைத்த அதே ஹாம்மண்ட் பாதிரியார், பொருளாதார வீழ்ச்சியில் வீடிழந்த குடும்பங்களுக்காக உண்டாக்கிய குடியிருப்பு அது. 1967 ஜூலை 30 அன்று பக்கவாதத்தில் காலமானார். உடலைச் சிட்னி பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்திருந்தார். இரண்டு வருஷத்துக்கு மேல் கழித்தே எஞ்சியது பாட்டனி கல்லறையில் மனைவிக்குப் பக்கத்தில் அடக்கமானது.

நிலையாமை பாடுவதில் நம்மவர்களை யாரும் மிஞ்ச முடியாது. குறளில் ஓர் அதிகாரமே இருக்கிறது, சித்தர்களைச் சொல்லவே வேண்டாம். இவர் எழுதியது அதற்கு நேர் எதிரான சொல். எழுதக் கையாண்டதோ, ஒரு மழைக்கோ ஒரு துடைப்பத்துக்கோ தாங்காத பொருள். கல்லில் வெட்டவில்லை, பெயிண்ட் அடிக்கவில்லை. அழிந்தால் நாளைக்கு மறுபடி எழுதினால் போயிற்று. அந்தத் தினசரி வேலைதான் அவருடைய படைப்பு என்றே நினைக்கிறேன், எழுத்து வடிவம் அதற்கு அடுத்தபடி.

ஆனால் ஊர் எடுத்துக்கொண்டது வடிவத்தை. கவிஞர் டக்ளஸ் ஸ்டூவர்ட் அவரைப்பற்றிக் கவிதை எழுதினார். 1977இல் கட்டடக்கலைஞர் ரிட்லி ஸ்மித், டவுன்ஹாலை ஒட்டிய சிட்னி சதுக்கத்தில் அந்தச் சொல்லை அதே கையெழுத்தில் அலுமினியத்தில் வார்த்துத் தரையில் பதித்தார். ஓவியர் மார்ட்டின் ஷார்ப் அதைச் சுவரொட்டிகளில் கொண்டுவந்தார், பிறகு டி-ஷர்ட்டுகளில் ஏறியது. 1994இல் லாரன்ஸ் ஜான்ஸ்டன் ஆவணப்படம் எடுத்தார். ஜோனதன் மில்ஸ் இசையில், டாரதி போர்ட்டர் வரிகளில் ஓர் ஆப்பராகூட வந்தது.

உச்சம் 1999 டிசம்பர் 31 நள்ளிரவு. வாணவேடிக்கை முடிந்து புகை விலகியதும் சிட்னித் துறைமுகப் பாலத்தின் நெஞ்சில் அந்தச் சொல் மஞ்சள் வெளிச்சத்தில் எரிந்தது. சுழிக்கும் பெரிய எழுத்தும், திரும்பி வரும் வாலுமாக, ஸ்டேஸின் கையெழுத்தேதான். உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. அடுத்த செப்டம்பரில் ஒலிம்பிக் தொடக்க விழாவிலும் வந்தது. அந்தப் பாலம் திறக்கப்பட்டது 1932 மார்ச்சில். எட்டு மாதம் கழித்துத்தான் ஸ்டேஸ் முதல் தடவை குனிந்தார். பாலம் கட்ட ஆன செலவும் அவர் சாக்பீஸுக்கு ஆன செலவும் 67 வருஷம் கழித்து ஒரே இடத்தில் சேர்ந்தன.

எனக்கு அதில் ஒரு சங்கடம் உண்டு. புத்தாண்டு இரவில் அச்சொல் வாழ்த்துப் போலிருந்தது, கல்யாணப் பத்திரிகை எழுத்துப் போல. பார்த்தவர்கள் ஷாம்பெயினை உயர்த்தினார்கள். ஸ்டேஸுக்கு அது வாழ்த்தன்று. விடியுமுன் குடித்துவிட்டுத் தள்ளாடி வரும் ஒருவன் காலடியில் விழவேண்டிய கேள்வி. செத்த பிறகு எங்கே போவாய் என்ற, கொஞ்சம் பயமுறுத்தும் கேள்விதான். அவர் மதத்தை ஏற்காத என்னாலும் அந்தக் கேள்வியைப் பிடுங்கிவிட்டு வளைவுகளை மட்டும் வைத்துக்கொள்வது நியாயமாகப் படவில்லை. இன்னொரு பக்கம், சாராயக் குடும்பத்தில் பிறந்து குப்பைத் தொட்டியில் சாப்பிட்ட ஒருவனின் கையெழுத்தை ஒரு நகரம் தன் மிகப் பெரிய விசேஷத்துக்குத் தேர்ந்தெடுத்தது என்பதும் சும்மாவல்ல. எந்த ஆளுநரின், எந்த எழுத்தாசானின் கையெழுத்துக்கும் அந்த மரியாதை கிடைக்கவில்லை.

ரிட்லி பிரசங்கம் செய்த பர்ட்டன் தெரு ஆலயம் இப்போது நாடக அரங்கு. 2013இல் திறந்தபோது எடர்னிட்டி பிளேஹவுஸ் என்று பெயர் வைத்தார்கள். ஒரு பழைய அட்டைத் துண்டில் அவர் எழுதிக் கொடுத்த ஒரு பிரதி கான்பராவில் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஐந்து லட்சத்தில் அவர் கைப்பட எழுதி மிஞ்சிய இன்னொன்று மார்ட்டின் பிளேஸ் தலைமை அஞ்சலகத்தின் மணிக்கூண்டில் உள்ளது. ஜப்பானியர் குண்டு போடுவார்கள் என்ற பயத்தில் 1942இல் மணிக்கூண்டைப் பிரித்து வைத்தார்கள். 1960களில் திரும்ப ஏற்றும்போது பெரிய மணியின் உட்புறத்தில் சாக்பீஸ் எழுத்து இருப்பதைப் பார்த்தார்கள். அங்கே எப்படிப் போய் எழுதினார் என்பதை அவர் யாரிடமும் சொல்லிவைக்கவில்லை. அழிக்காமல் அப்படியே மேலே ஏற்றிவிட்டார்கள். உள்ளே மழை படாது, யாரும் மிதிக்கவும் முடியாது. கீழே தெருவில் போகிறவர்களுக்கு மணிச் சத்தம் மட்டும் கேட்கும்.